துடுப்புக்காரர்கள் பார்த்த திசை

பசறை வீதியில், இரும்புக் கடையொன்றின் மேல்மாடியில் இருந்த அந்தப் படகுப் பட்டறையில், குறையைக் கண்டவர் அதைத் தாமே திருத்திவிட வேண்டும். அது யார் விட்ட குறை என்று கேட்கக் கூடாது. திருத்தியது நான்தான் என்று சொல்லவும் கூடாது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனாலும் புதிதாக வந்தவர் ஒரு வாரத்துக்குள் இதைப் பிடித்துக்கொள்வார். மாலையில் விலகிக் கிடந்த பலகை காலையில் சேர்ந்திருக்கும். முறிந்த பாய்மரத்தின் இடத்தில் புதிதொன்று நிற்கும். கண்டவர் கண்டுகொள்ளாதவர்போல் தம் மேசைக்குப் போய்விடுவார்.

அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். "யாரு செஞ்சது?" என்ற கேள்வியைக் காதில் போட்டுக்கொண்டே வளர்ந்தவர்கள். கொழுந்தில் முற்றல் இலை கலந்தால் யாரு, செடியின் கிளை ஒடிந்தால் யாரு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஒருவர் பிந்தி வந்தால் யாரு. அந்தக் கேள்வி எழாத ஓர் இடம் வாழ்க்கையில் முதன்முறையாக வாய்த்தபோது அவர்கள் அதை அணையாமல் காத்தார்கள். கேள்வி இல்லாத இடத்தில் மனிதர் நிமிர்ந்து உட்காரலாம் என்பது உண்மைதான். அதே இடத்தில் சந்தேகமும் சம்மணமிட்டு உட்காரும் என்பதை, அங்கே கடைசியாக வந்து சேர்ந்த சிவசக்தி தன் பங்குக்குப் பட்டுத்தான் அறிந்தாள்.

பட்டறையின் உரிமையாளர் ஜெயரட்ணம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வரைபடக்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கென்று பதுளைக்கு வந்து, இந்தக் குளிரை விட்டுப் போக மனமில்லாமல் இங்கேயே தங்கிவிட்டவர். இருநூறு ஆண்டுகளுக்கு முன் பிரித்தானியப் போர்க்கப்பல்களோடு சென்ற சிறு படகுகளை, பழைய வரைபடங்களைப் பார்த்து, ஒரு கைமுழ நீளத்தில் மாதிரியாகச் செய்து விற்பது அவருடைய தொழில். பெருங்கப்பல்களைச் செய்ய உலகெங்கும் ஆட்கள் உண்டு. கப்பலிலிருந்து கரைக்குத் தண்ணீர்ப் பீப்பாய் ஏற்றப் போன படகை யார் நினைக்கிறார்கள் என்று அவர் சொல்வார். கொழும்பிலிருந்து ஷுக்ரி என்ற முகவர் வந்து படகுகளைப் பார்த்து, தேர்ந்தவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவார்.

இதுவரை போன படகுகள் எல்லாம் வெறும் படகுகள். இம்முறைதான் முதன்முதலாக ஆட்களோடு ஒன்று கேட்டிருந்தார்கள். எட்டுத் துடுப்புக்காரர்கள், சுக்கான் பிடிக்கும் ஒருவன், ஓர் இளம் அதிகாரி. பிசினில் வார்த்த சுண்டுவிரல் அளவு உருவங்கள் உறையில் வந்து சேர்ந்தன. அவற்றுக்கு வர்ணம் பூசிப் படகில் உட்காரவைக்க ஜெயரட்ணம் சிவசக்தியைச் சோதனைக்கு எடுத்திருந்தார்.

"பிள்ளை, நான் கண்ணுக்கு ஒப்பரேசன் செய்துபோட்டு வர ஒரு கிழமை செல்லும்," என்று போகும்போது சொன்னார். "சனிக்கிழமை ஷுக்ரி வருவார். ஆக்களை அவருக்குப் பிடிச்சுதெண்டா அந்த மேசை உமக்குத்தான். பிடிக்கேல்லையெண்டா, நாங்கள் பழையபடி ஆளில்லாத படகோடை நிக்கவேண்டியதுதான்."

ஆளில்லாத படகுக்குச் சிவசக்தி தேவையில்லை என்பதை அவர் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. துடுப்புப் போடுபவன் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவான் என்பதைச் சொல்லவேண்டும் என்றும் அவருக்குத் தோன்றவில்லை. கேட்கவேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயக் குடியிருப்பில் அவளுடைய மாமியார் வேலாயி அந்த மாதத்தோடு வேலையிலிருந்து நின்றுவிடத் தீர்மானித்திருந்தாள். அந்த வீட்டிலிருந்து இன்னொருவர் கொழுந்து பறிக்க மலைக்கு இறங்கவேண்டும் என்பது தோட்டத்தின் எதிர்பார்ப்பு.

"எம் பேருக்குப் பதிலா ஒம் பேரப் போடவான்னு கணக்கப்பிள்ளை ஐயா கேட்டாருடி," என்று வேலாயி அடுப்படியில் குந்தியிருந்தபடி சொன்னாள். "வேணாங்க, அதுக்கு டவுன்ல நெரந்தரமா வேலை கெடச்சிருச்சின்னு சொல்லிப்புட்டேன்."

"இன்னும் கெடைக்கலையே அத்தை."

"கெடச்சிரும்ல? அப்புறம் என்னா? போயி மறுபடி அவருகிட்ட நான் பல்லக் காட்டிக்கிட்டு நிக்க முடியாது. நீயும் கூடையத் தூக்கிடாத. என்னோட போவட்டும் அது."

கூடையைத் தூக்காமல் இருப்பது. சிவசக்திக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அந்த ஒன்று, விரல் பருமனுள்ள பத்து மனிதர்களின் கையில் இருந்தது.

திங்கட்கிழமை அவர்களை அவள் படகில் ஏற்றினாள். பட்டறையின் தச்சர் பஸீல் நானா இழைத்துப் பொருத்திய குறுக்குப் பலகைகளில், பலகைக்கு ஒருவராக, எட்டுத் துடுப்புக்காரர்களும் அமர்ந்தார்கள். பின்முனையில் அதிகாரியும் சுக்கான்காரனும். பத்துப் பேரும் படகு போகும் திசையைப் பார்த்தார்கள். அவள் கடலைப் பார்த்ததில்லை. அவள் கண்ட படகெல்லாம் தொலைக்காட்சியின் வெள்ளச் செய்தியில் கண்டவை. இறப்பர்ப் படகுகளில் படையினர் முன்னே பார்த்துத்தான் துழாவிப் போனார்கள். கைபேசியிலும் தேடிப் பார்த்தாள். அருங்காட்சியகப் படகுகள் வந்தன, ஒன்றிலும் ஆளில்லை.

ஆனால் அவளை உண்மையில் வழிநடத்தியது செய்திப் படமன்று. வேலை செய்கிறவர்கள் வரிசையாக முன்னே போவார்கள், அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு ஒருவர் பின்னே நிற்பார் என்பது தாய் வழியாகவும் தகப்பன் வழியாகவும் அவளுடைய எலும்பில் ஊறிய ஒழுங்கு. கங்காணி அப்படித்தான் நின்றார். துரைக்கு நேர்முகமாக, முழங்கால் இடிக்கும் தூரத்தில், வேலைக்காரன் உட்காருவதை அவள் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. அதனால் பின்முனையில் இருந்த அதிகாரிக்கு எட்டு முதுகுகளைக் கொடுத்தாள். பார்க்க நிறைவாக இருந்தது.

துடுப்பு செய்வதும் கயிறு கட்டுவதும் கலாராணியின் வேலை. மடுல்சீமைப் பக்கத்துக்காரி, கல்யாணத்துக்குப் பின் பதுளையில் குடியிருந்தாள். சிவசக்தியைப் பட்டறைக்கு அழைத்து வந்ததே அவள்தான். தேன்மெழுகு பூசிய நூலால் துடுப்புகளை ஆட்களின் கைகளோடு சேர்த்துக் கட்ட வந்தவள், படகைக் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"என்னா சக்தி, ஒன்னோட ஆளுங்க எல்லாரும் டிக்கட் எடுத்துட்டானுங்களா?"

"என்னாக்கா?"

"இல்ல, ஸ்பிரிங்வெளி பஸ்ஸுல ஏறி உக்காந்த மாதிரி வரிசையா உக்காந்திருக்கானுங்களே, அதான் கேட்டேன்."

சிவசக்தி சிரித்தாள். "ஏன், ஒங்களுக்கு சீட்டு கெடைக்கலன்னு வருத்தமா?"

"எனக்கு எதுக்கு சீட்டு? துடுப்புக் கட்டுறவ நின்னுக்கிட்டே போயிருவா." கலாராணி இன்னும் எதையோ சொல்ல வாயெடுத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு நிறுத்திவிட்டாள்.

சன்னலோரம் பலகை இழைத்துக்கொண்டிருந்த பஸீல் தலையைத் தூக்காமலே சொன்னார்: "எனக்கிட்டக் கேட்டா ஆளில்லாத படகுதான் அழகு. நான் கண்ணாடி மாதிரி இழைச்சி வெச்சா, நீங்க பத்துப் பேரக் கொணாந்து அதுக்கு மேல குந்த வெக்கிறீங்க."

"ஒங்ககிட்ட யாரு நானா கேட்டா?" என்றாள் கலாராணி.

"அதான், எனக்கிட்ட யாரு கேக்குற."

மறுநாள் காலையில் சிவசக்தி வந்து படகைப் பார்த்தபோது எட்டுத் துடுப்புக்காரர்களும் திரும்பியிருந்தார்கள்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. படகைத்தான் யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று நினைத்தாள். பிறகு கண்டாள். அதிகாரியும் சுக்கான்காரனும் முன்போலவே இருந்தார்கள். எட்டுப் பேர் மட்டும் கழற்றப்பட்டு, படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அதிகாரியின் முகத்துக்கு நேரே முகம் வைத்து ஒட்டப்பட்டிருந்தார்கள். துடுப்புகளும் புதிதாகக் கட்டப்பட்டிருந்தன. வேலை சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தம்தான் அவளைக் கலவரப்படுத்தியது. தவறி விழுந்ததல்ல, கை பட்டுத் திரும்பியதல்ல, உட்கார்ந்து, நேரமெடுத்து, ஒவ்வொருவராகச் செய்தது.

குறையைக் கண்டால் திருத்து, கேட்காதே. அவள் திருத்தினாள். நூலை அறுத்து, ஆட்களைக் கழற்றி, மறுபடி முன்னோக்கி ஒட்டினாள். அறுந்த நூல்களைக் கலாராணி பார்த்தாள். தன் மெழுகு உருண்டையை எடுத்து, புது நூலில் இழுத்து இழுத்துப் பூசிக்கொண்டு, மறுபடி கட்டினாள். கட்டும்போது ஒரு துடுப்பை இரு விரல்களால் பிடித்து முன்னும் பின்னுமாக அசைத்தாள். "இவன் இத எப்புடித்தான் இழுப்பானோ," என்று துடுப்பிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

அந்த வார்த்தை சிவசக்தியின் காதில் குத்தலாக விழுந்தது. தன் ஆட்களின் கைகளை அவள் கோணலாக வைத்துவிட்டாள் என்றல்லவா பொருள்?

புதன்கிழமை காலையில் அவர்கள் மீண்டும் திரும்பியிருந்தார்கள். அவள் மறுபடி கழற்றி முன்னோக்கி ஒட்டினாள்.

அன்றைக்குச் சிவசக்தி ஒரு துரும்பையும் துரும்பாகப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சாட்சியாகப் பார்த்தாள். முதலில் பஸீல் மேல் சந்தேகம் போனது. மாலையில் கடைசியாகப் போகிறவர் அவர். தம் பலகை மேல் ஆட்கள் இருப்பதைச் சகிக்காதவர். எனவே அன்று மாலை ஒரு வர்ணம் காயவில்லை என்று பொய் சொல்லிவிட்டு அவர் கிளம்பும்வரை காத்திருந்தாள்.

"தங்கச்சி, பஸ்ஸு போயிரும்," என்றார் பஸீல்.

"போவட்டும் நானா. அடுத்ததுல போறேன்."

"அடுத்தது எப்ப வருமெண்டு ட்ரைவருக்கே தெரியா. இந்தப் படகுல ஏறித்தான் போகோணும் நீங்க." தம் பகிடிக்குத் தாமே சிரித்துவிட்டு, உளிகளைத் துடைத்துச் சுற்றி வைத்தார். படகுப் பக்கம் அவர் திரும்பவேயில்லை. இருவருமாகக் கதவைப் பூட்டி, சாவியைக் கீழே இரும்புக் கடையில் கொடுத்தார்கள். அப்போது படகில் எட்டுப் பேரும் முன்னே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அந்தச் சாவியைக் காலையில் வாங்கித் திறக்கிறவள் கலாராணி.

அந்த எண்ணம் வந்ததும் மற்றவை தாமாக வந்து ஒட்டிக்கொண்டன. தன் நாத்தனாருக்குப் பட்டறையில் ஏதாவது வேலை கிடைக்குமா என்று கலாராணி ஒருமுறை ஜெயரட்ணத்தைக் கேட்டது. சீட்டைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசிய பேச்சு. துடுப்பிடம் சொல்வதுபோல் சொன்ன வார்த்தை. எட்டுப் பேரை மட்டும் திருப்பி, அதிகாரியை விட்டுவைத்த தந்திரம். பத்தையும் திருப்பியிருந்தால் விளையாட்டு என்று விடலாம். வேலைக்காரர்கள் துரையை முறைத்துப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தால் வருகிற முகவர் சிரிக்கமாட்டாரா? இதுகூடத் தெரியாத பெண்ணை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்கமாட்டாரா? மேசை வெறுமையாகும். அதற்கு வேறொருத்தி வருவாள்.

வியாழக்கிழமை அவள் முதல் பஸ்ஸில் இறங்கினாள். பட்டறைக்கு எதிரே தேநீர்க் கடையில், பனி இன்னும் வீதியை விட்டு எழும்பாத நேரத்தில், பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கலாராணி வந்தாள். சாவி வாங்கினாள். மேலே போனாள். வழக்கத்தைவிட வெகு நேரத்துக்கு முன்னே. சிவசக்தி ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுத்திருந்து படியேறினாள்.

கலாராணி தன் மேசையில், நூலைக் கோத்துக்கொண்டு, ஒன்றும் அறியாதவள்போல் இருந்தாள். "வா சக்தி. என்னா, இன்னிக்கு சேவலுக்கு முன்னாடியே எந்திரிச்சிட்ட?"

"நீங்களும்தானேக்கா."

"எனக்குத் தூக்கம் வரல."

"எனக்கும் வரல."

இதற்குமேல் பேச அந்த இடத்தின் வழக்கத்தில் இடமில்லை. அணைந்த மெழுகுதிரியின் வாடை காற்றில் நின்றது. கத்தியைச் சூடாக்கித்தான் ஒட்டிய உருவத்தைக் கழற்ற முடியும். படகில் எட்டுப் பேரும் அதிகாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவசக்தி, நூல் படாத இடமான ஒருவனுடைய இடுப்பைத் தொட்டு விரலை மூக்கருகே கொண்டுபோனாள். தேன்மெழுகு. அந்தப் பட்டறையில் தேன்மெழுகு ஒட்டிய விரல்கள் ஒருத்திக்குத்தான் உண்டு.

தெரிந்துவிட்டது என்பதில் ஓர் ஆறுதல் இருந்தது. அந்த ஆறுதலே கசந்தது. தன்னைக் கைபிடித்து இந்தப் படிகளில் ஏற்றியவள். புது இடம் என்று தயங்கி நின்றபோது, "இங்க யாரும் ஒன்னய ஒண்ணும் கேக்க மாட்டாங்க, வா," என்றவள். கேட்கமாட்டார்கள் என்பதன் மறுபக்கம் இதுதானா?

அன்று மத்தியானம் சிவசக்தி தன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு சன்னலோரம் போய்த் தனியாக உட்கார்ந்தாள். கலாராணி தன் வெங்காயச் சம்பலில் பாதியை வழக்கம்போல் மூடியில் எடுத்துவைத்துக்கொண்டு சிறிது நேரம் காத்திருந்தாள். பிறகு அதைத் தானே தின்றாள்.

"என்ன, ரெண்டு பேரும் கதவ சாத்திக்கிட்டீங்களா?" என்றார் பஸீல்.

"காத்து வாங்குது நானா, அது," என்றாள் கலாராணி.

"காத்தா? இந்தக் குளிருலயா?"

சிவசக்தி சன்னல் பக்கம் இன்னும் நன்றாகத் திரும்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை, மற்றவர்கள் கைகால் கழுவப் போயிருந்த நேரத்தில், சிவசக்தி எட்டுப் பேரையும் கடைசி முறையாகக் கழற்றினாள். இம்முறை சாதாரணப் பசையை எடுக்கவில்லை. பஸீல் படகின் அடிமரத்தை ஒட்ட வைத்திருந்த இரட்டைக் குழாய்ப் பசையைக் கலந்தாள். சூட்டுக்கு இளகாது, கத்திக்கு அசையாது. எட்டுப் பேரையும் முன்னோக்கி உட்காரவைத்து, ஒவ்வொருவர் தலையையும் விரலால் அழுத்திப் பிடித்தாள். துடுப்பையும் தானே கட்டினாள். பஸ்ஸில் திரும்பும்போது பல நாள்களுக்குப் பிறகு அவள் மனம் சமாதானமாக இருந்தது. இனி யார் கை நீண்டாலும் பயனில்லை.

சனிக்கிழமை அவள் வந்தபோது எதிர்பார்த்ததே நடந்திருந்தது. ஆட்கள் அசையவில்லை, ஆனால் அசைக்க முயன்ற தடம் இருந்தது. நான்கைந்து பேரின் இடுப்புக்குக் கீழே கத்தி கீறியிருந்தது. ஒருவனுடைய பாதம் முறிந்து, வர்ணம் உதிர்ந்து, வெள்ளைப் பிசின் தெரிந்தது. அங்கங்கே மெழுகு. தன் மேசையில் கலாராணி கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலை நேரத்தில் அவள் கைகள் அப்படிச் சும்மா கிடந்து சிவசக்தி பார்த்ததில்லை. கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

சிவசக்தி முறிந்த பாதத்தை ஒட்டி, உதிர்ந்த இடத்தில் வர்ணம் தொட்டாள். கலாராணி தோற்றுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து மணியளவில் ஜெயரட்ணம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஷுக்ரியின் தோளைப் பிடித்தபடி படியேறி வந்தார். ஷுக்ரி பருத்த உடம்பும் மெல்லிய குரலும் உள்ள மனிதர். படகை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், குனிந்து, பலகைகளின் சேர்க்கையைப் பார்த்தார், தலையாட்டினார். பின்முனையைப் பார்த்தார், தலையாட்டினார். அதிகாரியின் சட்டைப் பொத்தான்களைப் பார்த்து, "இந்தப் பெயின்ட் வேலை நல்லாயிருக்கு," என்றார். பிறகு அவர் நிமிர்ந்து, படகைச் சுற்றி ஒருமுறை நடந்து, மறுபடி குனிந்தார்.

"மிஸ்டர் ஜெயரட்ணம், இவங்க ஏன் இப்படி உக்காந்திருக்காங்க?"

"எப்பிடி?"

"எல்லாரும் முன்னுக்குப் பாக்குறாங்களே."

ஜெயரட்ணம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படகுக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனார். அவர் முகம் இறுகியது.

ஷுக்ரி பக்கத்திலிருந்த வாங்கில் உட்கார்ந்தார். இரண்டு கைகளாலும் இல்லாத துடுப்பொன்றைப் பிடித்து, கால்களைத் தரையில் உதைத்துக்கொண்டு, மார்பை நோக்கி இழுத்தார். அவருடைய முழு உடம்பும் பின்னே சாய்ந்தது. வாங்கு கிறீச்சிட்டது. "இப்படித்தானே பலம் வரும்? இழுக்கிறவன் போற பக்கத்துக்கு முதுகத்தான் குடுப்பான். பாதை அவனுக்குத் தெரியத் தேவையில்ல. பின்னுக்கு இருக்கிற ஒபீசர்தான் பாதையப் பாக்குறது. எட்டுப் பேரும் அந்த ஒபீசரோட மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தான் இழுக்கோணும். இதப் பாக்குற வெள்ளக்காரன் முதல்ல இதத்தான் புடிப்பான்."

எட்டுப் பேரும் அதிகாரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

அந்த வாரத்தின் காலைகள் சிவசக்திக்கு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒவ்வொன்றும் மறுபக்கம் திரும்பி வந்தது. இவன் இத எப்புடித்தான் இழுப்பானோ. திங்கட்கிழமை துடுப்பைக் கட்டியபோதே அவளுக்கு அது தெரிந்துவிட்டது. துடுப்பு செய்கிற கைக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்தபின், அவள் இந்த இடத்தின் வழக்கப்படி, வாயைத் திறக்காமல், யாருக்கும் முன்னே எழுந்து வந்து, ஒரு பெண்ணின் பிழையை வெளியே தெரியாமல் திருத்தினாள். திருத்தினாள், திருத்தினாள், விரல் கிழியும்வரை திருத்தினாள். சிவசக்தி சந்தேகித்த கை சரியான கைதான். அது எதற்காக நீண்டது என்பதில்தான் அவள் அடியோடு தவறிப்போனாள்.

ஜெயரட்ணம் இன்னும் குனிந்திருந்தார். பார்வை தெளியாததால் அவர் விரல்களால் பார்த்தார். துடுப்புக்காரர்களின் இடுப்பைத் தடவி, கத்தி கீறிய இடங்களில் நின்று, அங்கே ஒட்டியிருந்ததைச் சுரண்டி முகர்ந்தார். ஆட்களைக் கழற்றித் தப்பாகத் திருப்பியது அவள்தான் என்று முடிவுகட்டியவர்போல், கலாராணி இருந்த பக்கம் ஒருமுறை திரும்பினார். ஒன்றும் கேட்கவில்லை.

"ஷுக்ரி, ரெண்டு கிழமை தாங்கோ. புது ஆக்களை எடுப்பிச்சு, சரியா வைச்சுத் தாறன்."

"ரெண்டு கிழமை பிரச்சினையில்ல. ஆனா ஒண்டு, தெரியாத கை இதுல படக்கூடாது."

"படாது." ஜெயரட்ணம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சிவசக்தி, உம்மடை வர்ணம் நல்லாயிருக்கெண்டு அவரே சொல்லிப்போட்டார். புது ஆக்களையும் நீரே செய்யும், மேசை உம்மடைதான்." சற்று நிறுத்தி, யாரையும் பார்க்காமல், சாதாரணக் குரலில் சொன்னார்: "கலாராணி, நீங்கள் திங்கக்கிழமையிலையிருந்து பெட்டி அடிக்கிற பக்கம் நில்லுங்கோ. ஆக்கள் உள்ள படகுகளுக்குக் கிட்ட வரவேண்டாம்."

யார் என்று கேட்காத இடத்தில் தீர்ப்பு மட்டும் ஓசையில்லாமல் வந்து இறங்கியது. கேள்வி இருந்தால் பதில் இருக்கும். பதில் இருந்தால் ஒருத்தி தன் பக்கத்தைச் சொல்லலாம். இங்கே சொல்வதற்கு வாசலே இல்லை.

"சரிங்க சேர்," என்றாள் கலாராணி.

அவள் எழுந்து மெழுகு உருண்டையையும் நூற்கண்டையும் துணியில் வைத்து முடியத் தொடங்கினாள். துணி சுற்றிய கட்டைவிரல் முடிச்சுக்கு ஒத்துழைக்கவில்லை. பஸீல் தம் இழைப்புளியின் அலகையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எவ்வளவு அறிந்திருந்தார் என்பதை அவர் முகம் சொல்லவில்லை.

சிவசக்தி தன் மேசையைப் பார்த்தாள். அவளுடையதாகிவிட்ட மேசை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். ஒருவரும் கேட்கமாட்டார்கள், இன்றைக்கும் இல்லை, என்றைக்கும் இல்லை. வேலாயி தலையை நிமிர்த்திக்கொண்டு தோட்டத்தில் நடக்கலாம். கூடை சுவரிலேயே தொங்கலாம். கலாராணியும் சொல்லப் போவதில்லை. அவள் சொல்லமாட்டாள் என்பது சிவசக்திக்கு இப்போது கல்லில் எழுதியதுபோல் தெரிந்தது. அது தெரிந்ததுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"சேர்."

"என்ன பிள்ளை?"

"இத யாரு செஞ்சதுன்னு நீங்க கேக்கல."

பஸீலின் கை நின்றது. கலாராணி முடிச்சிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அது இஞ்ச கேக்கிற வழக்கமில்லை," என்றார் ஜெயரட்ணம், குழந்தைக்குச் சொல்வதுபோல். "உமக்குத் தெரியும்தானே."

"தெரியுங்க சேர். கேக்காமதான் அக்காவப் பெட்டிப் பக்கம் அனுப்புறீங்க."

"சக்தி," என்றாள் கலாராணி தாழ்ந்த குரலில். "விடு. போயி வேலையப் பாரு."

"ஆளுங்களத் தப்பா உக்கார வச்சது நானுங்க சேர். கலாராணி அக்கா சரியா திருப்பி வச்சாங்க. தெனமும் வச்சாங்க. தெனமும் அவங்க கட்டின நூல அறுத்து, மறுபடி தப்பா வச்சது நான்தான்." அவள் படகின் பக்கம் கையைக் காட்டினாள். "அவங்க எனக்குக் குழி பறிக்கிறாங்கன்னு நெனச்சேன். நேத்து பஸீல் நானாவோட பசையப் போட்டுக் கழட்ட முடியாம ஒட்டினேன். அந்தக் கீறல் எல்லாம் அக்கா எனக்காக விழுந்து விழுந்து கழட்டப் பாத்தது."

"இந்தப் புள்ளைக்கு என்னா வந்துச்சி," என்றாள் கலாராணி யாரிடமும் அல்லாமல். "இங்க யாராவது ஒன்னயக் கேட்டாங்களா?"

"கேக்கலக்கா," என்றாள் சிவசக்தி. "கேக்காட்டியும் சொல்றேன். செஞ்சது நானு. திருத்தினது நீங்க."